பொன்னாய்ப் போகும் வியர்வை

ஒரு நாடு அயல்நாடுகளோடு நடத்தும் கொடுக்கல் வாங்கலை எழுதுவதற்கென்றே ஒரு கணக்குண்டு. விற்ற பொருளுக்கு வந்ததும், கடல்கடந்து உழைப்பார் வீட்டிற்கு விடுத்ததும் ஒருபுறம். வாங்கிய பொருளுக்கும் பட்ட கடனின் வட்டிக்கும் கொடுத்தது மறுபுறம். கொடுத்தது மிகுமாயின் அதனை நடப்புக் கணக்குப் பற்றாக்குறை என்பர். அச்சொல்லைக் கேட்டவுடனே நடுங்குவதும், வளரும் நாட்டிற்கு அஃது இயல்பென்று புறந்தள்ளுவதும் ஒருபோலப் பிழையாம். வந்த பணம் எதுவாக மாறுகின்றது என்பதே பார்க்கத்தக்கது.

மதுரைத் தெற்காவணி மூலவீதியில் நின்று பார்ப்பார்க்கு இது விளங்கும். மேலூரிலும் சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர்களிலும் பிறந்து, வளைகுடா நாடுகளின் வெயிலில் உருகுவோர் விடுக்கும் பணம் இந்தியக் கணக்கில் வரவாகின்றது. அதே பணம் இவ்வீதியில் வளையலாகவும் தாலிக்கொடியாகவும் மாறுங்கால், பொன் அயல்நாட்டினின்று வருவதாகலின், செலவாகின்றது. எஞ்சியதில் ஒரு பங்கு நகர்ப்புறத்து வீட்டடி மனையில் புதைகின்றது. வயல் மனையான பின்னர் ஒரு மரக்கால் நெல்லும் தருவதில்லை.

மனையின் கேட்டை இலாத்வியா கண்டது. பொதுவுடைமைப் பொருளியலினின்று விடுபட்ட அச்சிறு நாட்டின் பற்றாக்குறை 2006, 2007 ஆண்டுகளில் நாட்டு விளைவில் 20 விழுக்காட்டைக் கடந்தது. அயல் வைப்பகங்கள் தந்த கடன் பெரும்பாலும் வீடுகளிலும் மனைகளிலும் முடங்கிற்று. வீட்டைக் கப்பலேற்றி விற்றல் இயலுமோ? 2008-இல் அந்நாடு பன்னாட்டுப் பண நிதியத்தின் வாயிலில் நின்றது.

இந்தியா அவ்வாயிலை முன்னரே அறியும். 1990-91-இல் பற்றாக்குறை 3 விழுக்காட்டளவே எனினும், வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறிற்று. அயலகத்து வாழ்நர் இட்ட வைப்புத்தொகைகள் வெளியேறின. 1991 சூலைத் திங்களில் சேம வைப்பகத்தின் 47 தொன் பொன் அடகுக்குச் சென்றது. பெற்ற கடன் ஏறத்தாழ 40 கோடித் தாலர்.

2012-13-இல் பற்றாக்குறை 4.8 விழுக்காடு, ஏறத்தாழ 8,800 கோடித் தாலர். பொன்னுக்கு மட்டும் கொடுத்தது 5,000 கோடித் தாலருக்கு மேல்! 2013 மே தொடக்கத்தில் தாலருக்கு 54 ஆக இருந்த உருபா, ஆகசுட்டில் 68-ஐத் தொட்டது. எரியெண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் கூடுதலாகக் கொடுத்தவருள், குன்றிமணிப் பொன்னும் வாங்காத கூலியாளும் இருந்தார்.

இதற்குப் பெண்டிரின் நகையாசையைப் பழிப்பார் உளர். அது பொருந்தாப் பழி. விலைவாசி அந்நாளில் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டளவில் ஏறுகையில், சேமிப்பிற்குக் கிடைத்த வட்டி அதனினும் குறைவு. மேலூர்த் தாய் பொன்னை நாடியது பேதைமையன்று, கணக்கறிவே. நடுவணரசோ பொன்மீது வரியை 10 விழுக்காடாக உயர்த்திற்று, கடத்தல் பெருகிற்று.

ஈராயிரம் ஆண்டுகட்கு முன் பொன் இந்நிலத்திற்கு எதிர்த்திசையில் ஓடி வந்தது. மிளகும் முத்தும் மெல்லாடையும் வாங்கி ஆண்டுதோறும் ஐந்து கோடிச் செசுத்தர்சுக் காசுகளை இந்தியாவிற்கு இழப்பதாக உரோமப் பிளினி புலம்பினான். மதுரை மண்ணில் கிடைத்த உரோமக் காசுகள் அவ்வணிகத்தின் எச்சம். அன்று விற்க இங்கே பொருளிருந்தது.

இன்றும் இல்லாமலில்லை. திருமங்கலத்துக் கரிசலில் பருத்தி விளைகின்றது. மதுரை மல்லிகை 2013-இலேயே புவிசார் குறியீடு பெற்றது. எனினும் விலை வீழும் நாளில் அதனைக் காத்துவைக்க உழவனுக்குக் குளிர்காப்பகம் வேண்டும். அதற்கும் நூற்பாலைக்கும் வளைகுடாப் பணத்தில் ஒரு பங்கு வந்து சேரவேண்டுமாயின், விலையேற்றத்தை விஞ்சும் வட்டியை முதற்கண் அவ்வுழைப்பாளர்க்குத் தருதல் வேண்டும்.