அலையோடு இசையாத பொறி

தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளியில் இருந்துகொண்டு கடலலையைப் பற்றிப் பேசினால், "நமக்கேன் இந்தக் கவலை?" என்பாரும் உளர். இவ்வூர்க் கிணற்று மோட்டார்களை ஓட்டும் மின்சாரத்தில் தூத்துக்குடியிலும் வடசென்னையிலும் எரியும் நிலக்கரிக்கும் பங்குண்டு. கடற்கரையில் எடுக்கப்படும் முடிவு மேட்டுநிலத்து உழவரையும் தொடுகிறது.

"அலைமின்சாரம் நமக்கு ஆகாது, விழிஞ்ஞமே சான்று" என்பது எளிதாகச் சொல்லப்படும் தீர்ப்பு. இத்தீர்ப்பு ஏற்கத்தக்கதன்று. கேரளத்து விழிஞ்ஞத்தில் 1991இல் சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் 150 கிலோவாட் அலைமின் நிலையம் அமைத்தனர். கான்கிரீட் அறைக்குள் அலை ஏறி இறங்க, உள்ளிருக்கும் காற்று டர்பைனைச் சுழற்றும். ஆனால் அதனுடன் பூட்டப்பட்ட ஜெனரேட்டரோ ஏறத்தாழ மாறாத வேகத்தில் சுழல்வது. அலை தளர்ந்த வேளைகளில் அது மின்சாரம் தருவதை விட்டு வாங்கத் தொடங்கியது! குற்றம் அலையினுடையதா? கணந்தோறும் மாறும் ஒன்றை மாறாத ஒன்றோடு பிணைத்தது யார்?

பின்னர் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தார் அதே நிலையத்தை மாறும் வேகத்தில் இயங்கவிட்டனர். 2004இல் அம்மின்சாரத்தால் கடல்நீரைக் குடிநீராக்கியும் காட்டினர். ஆயினும் 2011இல் நிலையம் மூடப்பட்டது. பாடம் கிடைத்த பின்பு பள்ளியை மூடிய கதை இது!

ஊஞ்சல் ஆட்டும் சிறுவனுக்குத் தெரியும்: வலிமையினும் தருணமே பெரிது. 1970களின் பிற்பகுதியில் நார்வே நாட்டு அறிஞர்கள் புடாலும் ஃபால்னசும் இதையே மிதவைக்குப் பொருத்தினர். மிதவையை உச்சியில் ஒரு கணம் பிடித்து நிறுத்தி, அலையின் விசையோடு இசையும் வேளையில் விடுவித்தால் கிட்டும் ஆற்றல் பெருகும். அதற்கு, வரும் அலையைச் சில நொடிகள் முன்னரே கணிக்க வேண்டும். இன்றைய கணினிக்கு இது அரிதன்று.

நம் கடலலைகள் வட அட்லாண்டிக் அலைகளைப் போல் வலியவை அல்ல என்பது மெய்யே. வலிமை குறைந்த இடத்தில்தானே நுண்ணறிவு மிகுதியாக வேண்டும்? 2022இல் தூத்துக்குடிக் கடலில் ஐ.ஐ.டி. மிதக்கவிட்ட 'சிந்துஜா' தந்தது 100 வாட் அளவே. அதைக் கண்டு நகைப்பது எளிது. பத்தாண்டுகள் தொடர்ந்து ஆய்ந்து திருத்துவதே கடினம்.

பொதுப்பணத்தைக் கான்கிரீட்டில் கொட்டிவிட்டு, அதை இயக்கும் அறிவுக்குக் கைவிரிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அதுவரை, தோற்றது அலையென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.