பூடான்: முடி துறக்கவும் ஒரு முகூர்த்தம்

புதுதில்லி: மன்னர் மறைந்தால் வாரிசு முடிசூடுவது பழைய வழக்கம். அதற்குக் காரணம் கூற வேண்டிய அவசியம் எவருக்கும் நேர்ந்ததில்லை. உயிரோடிருக்கும்போதே விலகும் மன்னரோ, "ஏன் இப்போது?" என்ற கேள்விக்கு விடையளித்தாக வேண்டும்.

டென்மார்க் அரசி இரண்டாம் மார்கரெத் 2024 ஜனவரியில் விலகியபோது, முதுகு அறுவைச் சிகிச்சை தம்மைச் சிந்திக்க வைத்ததாகக் கூறினார். ஸ்பெயினின் ஹுவான் கார்லோஸ் 2014-ல் புதிய தலைமுறைக்கு வழிவிடுவதாக அறிவித்தார். 2012-ல் மேற்கொண்ட யானை வேட்டையும், மருமகன் மீதான ஊழல் வழக்கும் அதற்கு முன்பே அரண்மனையின் மதிப்பைக் குலைத்திருந்தன.

நமது அண்டை நாடான பூடானின் கதை வேறு. 2008-ல் தேர்தல் நடக்கும், அவ்வாண்டே பதவி விலகுவேன் என்று 2005 டிசம்பரில் அறிவித்த நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக், அதுவரைகூடக் காத்திராமல் 2006 டிசம்பரிலேயே மகனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது 51. மக்களாட்சி மலருமுன் மகன் அனுபவம் பெற வேண்டும். நாட்டில் அமைதி நிலவுகிறது. இந்தியாவுடனான உறவும் உயர்ந்திருக்கிறது. இதனினும் நல்ல தருணம் வாய்க்காது என்பது அவரது வாதம்.

இந்தியாவைக் குறிப்பிட்டது வெறும் உபசாரமன்று. 2007 பிப்ரவரி 8-ம் தேதி ஜிக்மே கேசர் தில்லியில் கையெழுத்திட்ட புதிய உடன்படிக்கை, வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்ற 1949-ம் ஆண்டு நிபந்தனையை நீக்கியது. நேபாளத்தில் 2005 பிப்ரவரியில் ஆட்சியைக் கைப்பற்றிய மன்னர் ஞானேந்திரர், 2006 ஏப்ரலில் மக்கள் எழுச்சிக்குப் பணிந்தார். 2008 மே மாதம் முடியாட்சியே அங்கு ஒழிந்தது. தாமாக விட்டுக்கொடுப்பதன் லாபத்தைத் திம்பு உணர்ந்திருக்க வேண்டும்.

ஆனால், அமைதி என்ற அந்தச் சொல்லை அப்படியே ஏற்பதற்கில்லை. 1990-களின் தொடக்கத்தில் தெற்குப் பூடானிலிருந்து வெளியேற நேர்ந்த, நேபாளி பேசும் மக்கள் சுமார் ஒரு லட்சம் பேர் அப்போதும் நேபாள முகாம்களில்தான் இருந்தனர். 2008 மார்ச் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. நல்ல தருணம் எது என்பதை மன்னர் தீர்மானித்தபோது அவர்கள் கணக்கில் வரவில்லை.

2008 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், உரிய வயதை எட்டிய வாரிசு இருப்பின், 65 வயதில் மன்னர் விலக வேண்டும் என்கிறது. எனவே, தருணத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தந்தைக்கு இருந்த அளவுக்கு மகனுக்கு இல்லை. 1980-ல் பிறந்த இன்றைய மன்னருக்கு அந்த வயது 2045-ல் நிறையும். அப்போது பட்டத்து இளவரசருக்கு 29 வயதாகியிருக்கும்.