மயன் நம்ம ஆளு, இருளர் யாரு?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு யாத்திரைக்கு ரொம்ப மவுசு. மெக்சிகோவின் கான்குனில் போய் இறங்குவது. சிச்சேன் இட்ஸா பிரமிடைப் பார்ப்பது. அங்கிருந்து பஸ் பிடித்துத் தெற்கே பெலீஸ் நாட்டுக்குள் நுழைவது. அடுத்த எல்லையைத் தாண்டினால் குவாதமாலா. காட்டுக்குள் திகால் கோயில்கள். இன்னும் உடம்பில் தெம்பும் பையில் டாலரும் இருந்தால் ஹோண்டுராஸில் கோபான். நாலு நாடு, நாலு வகைப் பணம், ராத்திரி பூரா பஸ். எல்லாம் மாயன் மக்கள் எழுப்பிய கற்களைப் பார்க்க.

தாராளமாகப் போகட்டும். ‘உள்ளூரில் இல்லாததா அங்கே இருக்கு?’ என்று கேட்கிற கட்சியில் நான் இல்லை. என் சண்டை வேறு. பழைய கல் ஒன்றைப் பார்த்ததும் நாம் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்கிறோம். இது எத்தனை வருஷத்துப் பழசு? இது நம்ம ஆளு செய்ததா? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. இன்றைக்கு இது யார் பொறுப்பு? அதைக் கேட்பதே இல்லை.

மாயன் என்றதும் நமக்குத் தெரிந்தது இரண்டு விஷயம். முதலாவது, ‘மயன்தான் மாயன், ஆகவே அவன் தமிழன்’ என்ற மேடைப் பேச்சு. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதி, மாயன் தலங்களுக்கு நேரிலேயே போய்வந்து, நம் சிற்ப சாஸ்திரத்துக்கும் அந்தக் கட்டடங்களுக்கும் உறவு உண்டு என்று வாதாடினார். தொல்லியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் அவராவது போய்க் கல்லைப் பார்த்தார். அதை வைத்து இங்கே கைதட்டு வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு, மாயன் மக்கள் அழிந்துபோன இனம் அல்ல என்று தெரியும்? குவாதமாலாவிலும் மெக்சிகோவிலும் இன்றைக்கும் லட்சக்கணக்கானவர்கள் மாயன் மொழிகளில்தான் பேசுகிறார்கள். சோளம் விதைக்கிறார்கள். நிலத்துக்காகப் போராடுகிறார்கள்.

இரண்டாவது, மாயன் காலண்டர். 2012 டிசம்பர் 21ல் உலகம் அழியும் என்று நம்ம டி.வி.க்களும் அலறினவே, அது. உலகம் அழியவில்லை. சேதமானது திகால்தான். அன்றைக்கு அங்கே கூடிய கூட்டத்தில் சிலர், ஏறக் கூடாது என்ற தடையை மீறி இரண்டாம் கோயிலின் படிகளில் ஏறிச் சேதப்படுத்தினார்கள். அடுத்த வருஷம், 2013 மே மாதம், பெலீஸில் நோமுல் என்ற இடத்தில் சுமார் 2,300 வருஷத்துப் பிரமிடு ஒன்றை ஒரு கான்ட்ராக்டர் பொக்லைன் விட்டுத் தோண்டினார். எதற்கு? ரோடு போட ஜல்லி வேண்டுமாம்!

அடப்பாவிகளா என்கிறோம் இல்லையா? அந்த வார்த்தையைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். கீழ் கோத்தகிரியில் தேவைப்படும்.

கோத்தகிரியிலிருந்து கீழ் கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கமாகத் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி இறங்கினால் கரிக்கையூர். கோத்தகிரியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். இருளர்கள் வாழும் ஊர். அங்கிருந்து காட்டுக்குள் நடந்தால் பொறிவரை என்கிற பெரும் பாறை. அதில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள். மனிதர்கள், மாடுகள், காட்டெருமைகள், குரங்குகள். தமிழ்நாட்டின் மிகப் பெரிய பாறை ஓவியத் தலங்களில் இதுவும் ஒன்று.

இந்தப் பாறை உங்களுக்கு ஏற்கனவே பழக்கம்தான். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடினோமே, அப்போது ‘3,500 வருஷத்துப் பாரம்பரியம், இதோ ஆதாரம்’ என்று காட்டப்பட்ட ஓவியங்களில் கரிக்கையூர் ஓவியமும் உண்டு. திமில் பெருத்த காளைகளை மனிதர்கள் விரட்டுகிற காட்சி. அதற்கும் முன்பே, சிந்துவெளி எழுத்து மாதிரி ஏதோ இந்தப் பாறையில் இருக்கிறது என்று பேப்பரில் செய்தி வந்தது. எத்தனை வருஷம், எந்த எழுத்து என்பதை ஆய்வாளர்கள் நிதானமாகச் சண்டை போட்டு முடிக்கட்டும். நமக்கோ பாறையிடமிருந்து சாட்சி மட்டும் வேண்டும். சாட்சி சொல்லி முடித்ததும் அது எக்கேடு கெட்டால் என்ன?

கெட்டுத்தான் போயிருக்கிறது. வந்தவர்கள் ஓவியங்கள் மேலேயே கீறியிருக்கிறார்கள், கிறுக்கியிருக்கிறார்கள். பெரும் பகுதி சேதமாகிவிட்டது என்று ஆய்வாளர்கள் புலம்புகிறார்கள். இதைச் செய்தது வெள்ளைக்காரன் இல்லை. அவன் காலத்தில் நீலகிரியின் கல்வட்டங்களைத் தோண்டி, பானைகளையும் சிலைகளையும் மூட்டை கட்டி எழும்பூர் மியூசியத்துக்கும் லண்டனுக்கும் அனுப்பினார்கள். அதுவும் அநியாயம்தான். ஆனாலும் நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ், இந்தச் சின்னங்களையும் இங்குள்ள பழங்குடிகளையும் பற்றி எழுதிய புத்தகம் 1873ல் வெளிவந்தது. நாம் என்ன எழுதினோம்? பாறை மேல் நம்ம பெயரை.

சரி, இனிமேலாவது காப்பாற்ற வேண்டும். யார் காப்பாற்றுவது? வேலி போடு, போர்டு வை, வாட்ச்மேனை நிறுத்து என்று உடனே யோசனை சொல்வோம். காட்டுக்குள் வேலியை யானை மதிக்காது. போர்டை நாம் மதிக்க மாட்டோம். அந்தப் பாறைக்குப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் இருளர்கள். கொஞ்சம் தள்ளி வெள்ளரிக்கொம்பையில் ஆலுக் குறும்பர்கள் இருக்கிறார்கள். அங்கே எழுத்துப் பாறை என்று ஓவியங்கள் உள்ள இன்னொரு பாறை உண்டு. அதை வரைந்தவர்கள் தங்கள் முன்னோர் என்கிறார்கள் குறும்பர்கள். இப்போதும் மண்ணையும் வேங்கைப் பிசினையும் வண்ணமாக்கி வரைகிற கைகள் அவர்களிடம் இருக்கின்றன. கடல் கடந்த மயனுக்குச் சொந்தம் கொண்டாடும் நாம், இவர்களை மட்டும் ‘மலைவாசிங்க’ என்று ஒதுக்கி வைக்கிறோம்.

2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப் பாதைகளை மலையேற்றத்துக்குத் திறந்தது. ஆன்லைனில் பணம் கட்டினால், பயிற்சி பெற்ற பழங்குடி இளைஞர் வழிகாட்டியாகக் கூட வருவார். கரிக்கையூர் – பொறிவரை பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல ஆரம்பம், மறுக்கவில்லை. தனியாகப் போய்ச் சுரண்டுவதைவிட ஆளோடு போவது மேல்.

ஆனால் வழிகாட்டி என்பவர் வழி காட்ட மட்டுமா? ‘இன்னிக்குக் கூட்டம் போதும் சார், நாளைக்கு வாங்க’ என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு வேண்டாமா? ஒருவன் குடித்துவிட்டு வந்தால், ஓவியத்தின் மேல் கை வைத்தால், அத்தனை பேரையும் திருப்பி அனுப்பும் உரிமை வேண்டாமா? கூலிக்கு வருகிற ஆளால் கஸ்டமரை அதட்ட முடியாது. பொறுப்பு உள்ளவரால்தான் முடியும்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. 2006ஆம் வருடத்து வன உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு, காட்டில் வாழும் மக்களின் கலாசார, இயற்கைப் பாரம்பரியம் அழிக்கப்படாமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரத்தை, அவர்களுக்கும் அவர்களின் கிராம சபைக்கும் தருகிறது. எனவே பொறிவரைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர், எந்த மாதங்களில் யாருமே வரக் கூடாது, கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு என்பதைக் கரிக்கையூர் கிராம சபை தீர்மானிக்கட்டும். தொல்லியல் துறை ஒவ்வொரு ஓவியத்தையும் படமெடுத்து, பாறை எந்த நிலையில் இருக்கிறது என்று வருஷா வருஷம் ஊருக்கும் உலகத்துக்கும் அறிக்கை தரட்டும். வனத்துறை இரண்டு பேருக்கும் துணை நிற்கட்டும்.

‘அவங்களுக்கு என்ன சார் தெரியும்?’ என்பீர்கள். படித்த நாம் போய் என்ன செய்தோம் என்பதைத்தான் பாறையில் பார்த்தோமே.

‘பார்க்க எல்லோருக்கும் உரிமை இல்லையா?’ என்பது அடுத்த கேள்வி. பிரான்ஸில் லாஸ்கோ குகை ஓவியங்களைப் பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றே ஓவியத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும், 1963ல் குகையை மூடிவிட்டார்கள். பிறகு பக்கத்திலேயே ஒரு நகலைச் செய்து வைத்து, அதைப் பார்க்கச் சொன்னார்கள். பிரான்ஸ் குடிமுழுகிப் போகவில்லை. ஊட்டிக்குள் நுழையும் கார்களுக்கே 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறோம். திரும்ப வரையவே முடியாத ஓவியத்துக்குக் கணக்கு வைத்தால் என்ன தப்பு?

கடைசியாக ஒரு மாயன் செய்தி. சிச்சேன் இட்ஸா பிரமிடில் ஏறத் தடை இருக்கிறது. 2022 நவம்பரில் ஒரு சுற்றுலாப் பெண்மணி அதை மீறி உச்சிவரை ஏறி ஆடினார். இறங்கி வந்தபோது கீழே நின்ற கூட்டம் சும்மா இருக்கவில்லை. கூச்சல் போட்டது, தண்ணீரை வீசியது. தண்ணீர் வீசுவதை நான் சிபாரிசு செய்யவில்லை. கூச்சலைச் செய்கிறேன். நாளைக்குப் பொறிவரையில் உங்கள் கோஷ்டியில் ஒருவன் கூர்க்கல்லைக் கையில் எடுத்தால், முதல் கூச்சல் உங்களுடையதாக இருக்கட்டும். உங்களைக் கூட்டிப்போன இருளர் தம்பி ‘போதும், கிளம்புங்க’ என்றால், மறுபேச்சு பேசாமல் இறங்கி வாருங்கள். அது அவர் ஊர்.