எந்த மொழியில் அழைத்தார்கள்?

2025 மே 11ஆம் திகதி அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் உருண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்துகளில் இறந்தோர் தொகையை நாம் எண்ணுகிறோம். தலையில் அடிபட்டு, வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே கண்மூடிக் கிடப்போரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வளைந்த மலைப்பாதையிலும் வழுக்கும் தேயிலைச் சரிவிலும் நாள்தோறும் நடமாடும் ஹட்டன், நுவரெலியா மக்களுக்குக் கோமா பற்றிய புதிய அறிவு வெறும் விஞ்ஞான விநோதமன்று, வீட்டுக் கவலையாகும்.

மூளையை ஊர்களை இணைக்கும் பாதைகளின் வலை என்று கருதலாம். அதன் ஆழத்திலுள்ள தலமசு என்னும் பகுதியும் மேற்பரப்பும் இடையறாது செய்தி பரிமாறுவதாலேயே விழிப்பும் உணர்வும் நிலைக்கின்றன. தலை பலமாகக் குலுங்கும்போது இணைப்பிழைகள் அறுபடுகின்றன. முன்புறத்தையும் பின்புறத்தையும் நடுக்கோட்டில் இணைக்கும் வலை எஞ்சியிருப்போர் மீண்டெழும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பாதை துண்டிக்கப்பட்டதால் பதில் வரவில்லை. அதனைக் கொண்டு ஊரிலே ஆளில்லை என்று முடிவு கட்டலாமா?

கூடாதென்று 2006இல் ஏட்ரியன் ஓவன் என்னும் ஆய்வாளர் குழுவினர் காட்டினர். விபத்திலே உணர்விழந்து கிடந்த இளம்பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யும்படி கூறினார்கள். உடல் அசையவில்லை, ஆனால் படக்கருவியில், நலமுள்ளோரின் மூளையைப் போலவே அவள் மூளையும் இயங்கியது. 2024இல் வெளியான ஆய்வொன்றில், கட்டளைக்கு வெளிப்படையாகப் பதிலளிக்காத 241 பேரில் 60 பேரின் மூளை இவ்வாறு மறைவாகப் பதிலளித்தது. ஏறக்குறைய நால்வரில் ஒருவர்!

இந்தக் கருவிகள் நமக்கு எட்டாதவை என்று பெருமூச்செறிவதில் பயனில்லை. நான் இங்கே வற்புறுத்த விரும்புவது அதனினும் எளியதொன்று: அந்தப் பெண்ணுக்குக் கட்டளை அவள் அறிந்த மொழியிலே சொல்லப்பட்டது.

1974இல் கிளாஸ்கோவில் வகுக்கப்பட்ட கோமா அளவுகோலே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. அதில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 எனப் புள்ளிகள். நோவு தரும் இடத்துக்குக் கை சென்றால் 5. "கையைத் தூக்கு" என்றதும் தூக்கினால் 6. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே நிற்பது மொழியன்றோ!

டிக்கோயாவில் இந்திய உதவியால் அமைந்த 150 படுக்கை வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. 1990 என்று அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வருகிறது. இவை பெரும் பேறுகளே. ஆயினும் மூளைக்காயம் கடுமையாயின் நாவலப்பிட்டி, கம்பளை கடந்து கண்டிக்கே செல்லவேண்டும். அங்கே சிங்களத்தில் இடப்படும் கட்டளை, கொழுந்து பறிக்கும் தமிழ்ப்பெண்ணின் செவியில் விழுந்தும் விளங்காது போகக்கூடும். வைத்தியரின் திறமையிலே குறையில்லை. எனினும் புள்ளி குறையும், நம்பிக்கையும் குறையும்.

தமிழும் ஆட்சிமொழியென 1987இல் அரசியல் யாப்பு ஏற்றுக்கொண்டது. அவ்வுரிமை கந்தோர்ப் படிவத்தோடு நின்றுவிடலாகாது. நோயாளியின் மொழியைப் படுக்கைச் சீட்டிலே குறிக்கட்டும். பரிசோதனையின்போது தமிழறிந்த தாதியோ உறவினரோ அருகிலிருக்கட்டும். ஒருமுறையோடு முடிவு கட்டாது மீண்டும் மீண்டும் அழைக்கட்டும். இதற்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை. அவள் பதில் சொல்லவில்லை என்று எழுதுமுன், அவளுக்கு விளங்கும்படி கேட்டோமா என்று எண்ணிப் பார்த்தாற் போதும்.