பாடிப் போகிறவனுக்குச் சுற்று ஓட்டம் எதற்கு?

"கபடிப் பயிற்சியில் போட்டியும் சிரிப்பும் புகுந்தால் ஒழுக்கம் போய்விடும், மைதானத்தை இருபது சுற்று ஓடட்டும்" என்கிறார் நண்பர். ஏற்க மாட்டேன்.

கபடியில் ஒரு ரெய்டு 30 விநாடி. ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அந்த 30 விநாடிக்குள் மூச்சு விடாமல் பாடி, பாய்ந்து, சட்டென்று திரும்பி, பிடிப்பவர்களை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட வேண்டும். ஒரே சீரான நெடு ஓட்டம் இந்த வேகத்தைத் தராது. இருவர் இருவராக நிறுத்தி, போனஸ் கோட்டைத் தொட்டு முதலில் திரும்புகிறவனுக்குப் புள்ளி கொடுத்துப் பாருங்கள். தோற்றவனே "இன்னொரு தடவை, அண்ணே" என்பான். சுற்று ஓடுகிறவனோ, நீங்கள் முதுகைத் திருப்பியதும் நடப்பான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: எப்போதும் ஒரே பையன் ஜெயித்தால் மற்றவர்கள் சோர்ந்துபோவார்கள். ஜோடியை மாற்றுங்கள், மெதுவாக ஓடுகிறவனை இரண்டடி முன்னால் நிறுத்துங்கள்.