நிழல் வலையும் நீர்க் கணக்கும்

பசுமைக் குடிலில் காய்கறி பயிரிடுவோர் கோடையின் உஷ்ணத்திற்கு அஞ்சி நிழல் வலை விரிப்பது தக்கதே. ஆனால், அவ்வாறு விரித்த வலையை ஆண்டு முழுவதும் எடுக்காமலே விட்டுவிடுவது முறையன்று. இவ்வழக்கம் விளைச்சலையும் நீரையும் ஒருங்கே வீணாக்குகிறது என்பது எமது கருத்து.

நமது சமவெளிகளில் கோடை நண்பகல் வெளிச்சம் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் அளவை எட்டும். அப்போது 35 முதல் 50 சதவீத நிழல், குடைமிளகாயை வெயிற் கொப்புளத்தினின்று காக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்களும், வட இந்தியாவின் டிசம்பர், ஜனவரி மூடுபனியும் ஒளியைத் தாமே குறைத்துவிடுகின்றன. அவற்றுடன் நிழல் வலையும், தூசி படிந்த பாலிதீன் கூரையும் சேர்ந்தால், தக்காளிச் செடி ஒளியின்றி நெட்டையாக வளர்ந்து பூக்களை உதிர்க்கும். கீரை பொறுக்கும் நிழலைக் காய்க்கும் பயிர் பொறுக்காது.

இனி, நீரைக் கவனிப்போம். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2.45 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். குடிலுக்குள் நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 12 மெகாஜூல் சூரிய ஆற்றல் புகுவதாகக் கொள்வோம். அது முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவானாலும், ஏறக்குறைய 5 லிட்டர் நீரே ஆவியாகும். வலை அந்த ஆற்றலைப் பாதியாக்கினால், நீர்ச் செலவும் ஏறத்தாழப் பாதியாகும். அப்படியிருந்தும் சொட்டுநீர்க் குழாயைப் பழைய நேரப்படியே திறந்துவைத்தால், மிகுந்த நீர் உரத்தைக் கரைத்துக்கொண்டு வடியும், வேரும் அழுகும்.

நிழல் நீரை மிச்சப்படுத்துகிறதே என்று சிலர் கூறலாம். நீர் பாதியாகக் குறைந்து, விளைச்சல் மூன்றில் ஒரு பங்காகிவிடுமாயின் அது சிக்கனமாகாது. ஒரு லிட்டர் நீருக்கு எத்தனை கிராம் காய் கிடைத்தது என்பதே சரியான அளவுகோல்.

ஆகையால், வலை சுருட்டி விரிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். கூரையை அவ்வப்போது கழுவுதல் வேண்டும். குடில் அமைக்க உதவித்தொகை வழங்குவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. கள ஊழியர் ஒவ்வொருவரிடமும் ஓர் ஒளிமானி இருத்தல் அவசியம். குடிலின் உள்ளும் புறமும் ஒளியை அளந்து, அதற்கேற்ப நீர் விடும் முறையை அவர்கள் உழவருக்குக் கற்பிக்க வேண்டும்.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை இரண்டு தொட்டிச் செடிகளைக் கொண்டே விளக்கலாம். இரண்டிலும் மண்ணைப் பாலிதீன் தாளால் மூடி, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை நிழலிலும் வைத்து, காலையும் மாலையும் எடை பார்க்கச் செய்க. ஒளிக்கும் நீருக்கும் உள்ள தொடர்பை மாணவர் தராசிலேயே காண்பர்.