பல்லின் மேல் பழி போடாதீர்கள்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குப் போகிறவருக்கு ஊர் நெருங்கிவிட்டதை மூக்கே சொல்லிவிடும். கராம்பு பறித்துக் காயவைக்கும் மாதங்களில் வீட்டு முற்றங்களிலும் தெருவோரச் சாக்குகளிலும் மொட்டுக்கள் பழுப்பேறிக் கிடக்கும். மிளகு, சாதிக்காய், ஏலம் என்று சரக்குப் பெட்டியைத் திறந்துவைத்தது போன்ற ஊர். அங்கே என் பழைய நண்பர் ஒருவர் இருக்கிறார். ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த காலத்தில் நான் வேலைபார்த்த பத்திரிகையில் அச்சுக்கோப்பாளராக இருந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவரைப் பார்க்கப் போயிருந்தேன்.

வீட்டில் ஏழு மாதப் பேரன். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். குழந்தை அழுது அழுது ஓய்ந்து, பாட்டியின் தோளில் துவண்டு கிடந்தது. பாட்டி ஒரு சிறு குப்பியைத் திறந்து விரலை நனைத்து, குழந்தையின் ஈற்றில் தேய்த்தார். அறை முழுவதும் கராம்பு நெடி.

"பல்லு வருது அண்ணே. ரெண்டு நாளா மேலு காயுது, வயித்தாலயும் போகுது. பல்லு வெளிய வந்தா சரியாயிரும்" என்றார் நண்பரின் மனைவி.

கராம்பு எண்ணெயைக் குழந்தைக்குத் தடவலாம் என்று யார் சொன்னது தங்கச்சி என்று கேட்டேன்.

"பேப்பர்லதான் அண்ணே போட்டிருந்துச்சு. நீங்க வேலை செஞ்ச பேப்பர்தான்!"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவர் படித்த குறிப்பு நான் பொறுப்பாயிருந்த பக்கத்தில் வந்ததா, எனக்கு முன்னோ பின்னோ வந்ததா என்பதை இனி நிரூபிக்க முடியாது. ஆனால் அப்படியொரு குறிப்பை நான் அச்சுக்கு அனுப்பியது நினைவிருக்கிறது. மங்கையர் பகுதியில் நாலு அங்குலம் இடம் காலியாகக் கிடந்தது. ‘பாட்டி வைத்தியம்’ என்று கைவசம் இருந்த துணுக்குகளில் ஒன்றை எடுத்துச் சொருகினேன். எழுதியவர் யார், எந்த வைத்தியரிடம் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. ஓர் அமைச்சரின் பேச்சில் ஒரு தேதி பிழைத்திருந்தால் மறுநாள் திருத்தம் போட்டிருப்போம். குழந்தையின் வாயில் எதைத் தடவுவது என்பதற்கு அந்தக் கவனம்கூடத் தேவையில்லை என்று கருதியவர்கள் நாங்கள்.

கராம்பு வேறு, கராம்பு எண்ணெய் வேறு. கறியில் போடும் இரண்டு மொட்டை நினைத்துக்கொண்டு குப்பியை எடைபோடக் கூடாது. வடித்தெடுத்த எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால் என்னும் ஒரே இரசாயனம். பல் வைத்தியர்கள் அதைப் பெரியவர்களுக்கு அளவோடு பயன்படுத்துகிறார்கள். பிஞ்சு ஈற்றை அது எரித்துப் புண்ணாக்கும். குப்பி கவிழ்ந்து ஒரு தேக்கரண்டியளவு வயிற்றுக்குள் போனால் உயிராபத்து. இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஐந்து முதல் பத்து மில்லிலீற்றர் கராம்பு எண்ணெயைக் குடித்து, வலிப்புக் கண்டு, ஆழ்ந்த மயக்கத்துக்குப் போய், ஈரல் பாதிக்கப்பட்டு மயிரிழையில் தப்பிய செய்தி 1993-இல் பிரித்தானியக் குழந்தை மருத்துவ ஏடொன்றில் பதிவாகியிருக்கிறது. கராம்பு விளைகிற ஊரில் அந்தக் குப்பி குழந்தைக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பது எவ்வளவு இயல்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அன்று என்னை உலுக்கியது எண்ணெய் அன்று. ‘பல்லு வருது, அதனால் காய்ச்சல்’ என்ற அந்த ஒற்றை வாக்கியம்தான்.

அண்டை வீட்டில் வெப்பமானி ஒன்று கிடைத்தது. 39 பாகை. முச்சக்கர வண்டி பிடித்து மாத்தளைப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். சிறுநீரைச் சோதித்தார்கள். சிறுநீர்த் தொற்று. சில நாள் வைத்துச் சிகிச்சை செய்து அனுப்பினார்கள். ‘பல் வரட்டும்’ என்று இன்னும் இரண்டு நாள் காத்திருந்தால் தொற்று சிறுநீரகத்தைத் தழும்பாக்கியிருக்கலாம், இரத்தத்தில் கலந்திருக்கலாம். அந்தப் பல்லோ மூன்று வாரம் கழித்து, காய்ச்சல் ஏதுமின்றி, கீழ் ஈற்றின் நடுவில் சத்தமில்லாமல் வந்து நின்றது!

பல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது நம் பாட்டிமார் மட்டும் அல்லர். 1839-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 5,016 மரணங்களுக்குக் காரணம் ‘பல் முளைத்தல்’ என்று அந்நாட்டுப் பதிவாளர் நாயகமே எழுதிவைத்தார். உண்மையில் அந்தக் குழந்தைகளைக் கொன்றவை வயிற்றுப்போக்கும் காய்ச்சல்களும் பசியுமே. பல் முளைக்கும் வயதில் இறந்தார்கள், ஆகவே பல்லால் இறந்தார்கள் என்று கணக்கு எழுதப்பட்டது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

அந்த வயதில் நோய் வருவதற்கு வேறு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. தாயிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்புச் சக்தி ஆறாம் மாதமளவில் தேய்கிறது. அப்போதுதான் தாய்ப்பாலோடு மற்ற உணவும் தொடங்குகிறது. குழந்தை தவழ்ந்து, கண்டதையெல்லாம் வாயில் போடுகிறது. அமெரிக்காவில் 125 குழந்தைகளின் 475 பற்கள் முளைத்ததை நாள்தோறும் குறித்துவைத்து 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பல் வெளிவருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து மூன்று நாள் பின்வரை எச்சில் வடிதல், கடித்தல், சிணுங்கல், ஈற்றைத் தேய்த்தல், தூக்கம் கலைதல், உடல் இலேசாகச் சூடாதல் உண்டு. கடுங்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பல்லோடு சேர்ந்தவை அல்ல என்பது அவர்கள் கண்டது. 38 பாகையைத் தாண்டினால் பல்லை மறந்துவிட்டு வைத்தியரைத் தேடவேண்டும்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். 2017-இல் மட்டும் இந்தச் சின்னத் தீவில் ஓர் இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. முன்பு டெங்கு கண்ட தாயின் குழந்தைக்கு முதல் தடவையே டெங்கு கடுமையாக வரக்கூடும். அதுவும் ஏறக்குறைய ஆறு முதல் ஒன்பது மாத வயதில். சரியாகப் பல் முளைக்கும் பருவம்! டெங்குவில் காய்ச்சல் தணியும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. ‘பாத்தீங்களா, பல்லு வந்ததும் காய்ச்சல் விட்டுருச்சு’ என்று வீடு மகிழ்கிற நேரம் அதுவாக இருக்கக்கூடும்.

இனி மருந்து வியாபாரிகளுக்கு வருவோம். பாட்டி வைத்தியத்தைக் குறைசொல்லி இவர்களை விட்டுவிட்டால் அது பெரிய அநியாயம்.

பல் முளைக்கும் குழந்தைக்கு என்று விற்கப்பட்ட பொருள்களின் சரித்திரம் ஒரு குற்றப் பத்திரிகை போன்றது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தாய்மார் வாங்கிய ‘மிஸஸ் வின்ஸ்லோ’ பாணியில் இருந்தது மோர்பின். குழந்தை அமைதியாகத் தூங்கியது, சில எழும்பவேயில்லை. இங்கிலாந்தின் பல்முளைப்புப் பொடிகளில் இருந்தது கலமெல் என்னும் பாதரசச் சேர்க்கை. அதைத் தின்ற குழந்தைகளுக்குக் கையும் காலும் இளஞ்சிவப்பாகித் தோல் உரிந்தது, வெளிச்சத்தைக் கண்டால் கதறின, பல்லே உதிர்ந்தது. பல்லுக்குக் கொடுத்த மருந்து பல்லை உதிர்த்தது! காரணம் பாதரசம் என்று 1940-களில் அமெரிக்க மருத்துவர் ஜோசப் வார்கனி கண்டார். 1954-இல் அந்தப் பொடிகளிலிருந்து பாதரசம் விலக்கப்பட்ட பின் அந்த நோயே அருகி மறைந்தது.

பழங்கதை என்று தள்ளுகிறீர்களா? 2008-இல் நைஜீரியாவில் ‘மை பிக்கின்’ என்ற பல்முளைப்பு மருந்தில் இயந்திரங்களுக்கு ஊற்றுகிற டைஎத்திலீன் கிளைக்கோல் கலந்திருந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார்கள். அதே நஞ்சு 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் பாணியில் இருந்து மத்தியப் பிரதேசக் குழந்தைகளைக் கொன்றதை நீங்கள் செய்திகளில் படித்திருப்பீர்கள்.

இன்றைய கடைகளில் இருப்பவை ஈற்றை மரக்கச் செய்யும் ஜெல்கள். பென்சோகெயின் கலந்தவை குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குலைக்கக்கூடும்; உதடும் நகமும் நீலம்பாரித்து உயிர் போகலாம். இரண்டு வயதுக்குட்பட்டவர்களின் பல்வலிக்கு இவற்றை விற்கவே வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் சொன்னது. லிக்னோகெயின் கரைசல் பற்றி 2014-இலேயே எச்சரித்தது. சலிசிலேட் கலந்த வாய்ப்புண் ஜெல்களைப் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்று பிரித்தானியா 2009-இல் விலக்கியது. இத்தனைக்கும் அந்த ஜெல் எச்சிலோடு சில நிமிடத்தில் கழுவுண்டு போகிறது. அதில் பயன்தான் என்ன?

வைத்தியசாலையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு மருந்துக் கடையில் ‘பிள்ளைக்குப் பல் வருகிறது’ என்று சொல்லி ஒரு குழாய் வாங்கிப் பார்த்தேன். பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்கவில்லை. எச்சரிக்கை முழுவதும் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் ஓரெழுத்து இல்லை. 1987-இல் அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதற்காக எத்தனை தலையங்கம் எழுதினோம்! 2015-இன் 5-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் இருக்கிறது. குழந்தையின் வாயில் இடும் மருந்தின் மீது ‘இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் நாலு சொல் அச்சிடு என்று கட்டளையிட அந்தச் சபைக்கு என்ன தடை?

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் படித்த தாய்மார் சிரிக்கவேண்டாம். மண்டபம் எடுத்துப் பல்லுக் கொழுக்கட்டை கொட்டுகிற கொண்டாட்டம் அழகானது, குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே குழந்தையின் கழுத்தில் வலியை உறிஞ்சும் என்று சொல்லி விற்கிற அம்பர் மணிமாலை தொங்குகிறதே, அது எந்த வைத்தியம்? அமெரிக்காவில் 18 மாதக் குழந்தையொன்று தூக்கத்தில் அந்த மாலை இறுகி இறந்ததை 2018 எச்சரிக்கை குறிப்பிடுகிறது. மணி அறுந்து தொண்டையில் சிக்கும் ஆபத்து வேறு.

தாயைத் திட்டுவது சுலபம். நண்பரின் மருமகளைப் போல வேலைக்குப் போயே தீரவேண்டியவர்களை நினைத்துப் பாருங்கள். மலையில் கொழுந்து பறிக்கிறவள் விடியலில் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஓடுகிறாள். நாள் சம்பளம் கொழுந்தின் நிறையில் தொங்குகிறது. காய்ச்சலுக்கு வைத்தியசாலை என்றால் ஒரு நாள் பேர் போச்சு. ‘பல்லுதான், ஒண்ணுமில்லை’ என்று யாராவது சொன்னால் அதை நம்ப அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு. பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்கள் ஒரு காலத்தில் பிள்ளைக்கு அபின் உருண்டை கொடுத்துவிட்டு வேலைக்குப் போனதும் கொடுமனத்தால் அன்று. லயத்துக்கு வருகிற குடும்பநல மாது தடுப்பூசிக் கணக்கோடு இந்த ஒரு விஷயத்தையும் ஐந்து நிமிடம் சொல்லட்டும். தோட்ட நிருவாகம் நோயுற்ற பிள்ளையின் தாய்க்கு ஒரு நாளைச் சம்பளத்தோடு விடட்டும்.

சரி, பல் முளைக்கும்போது என்னதான் செய்வது? செலவில்லாத காரியம். சவர்க்காரமிட்டுக் கழுவிய விரலால் ஈற்றை மெல்ல அழுத்தி ஓரிரு நிமிடம் தேய்த்துவிடுங்கள், நகம் வெட்டியிருக்கவேண்டும். கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைக் குளிரவைத்து, கையில் பிடித்தபடி கடிக்கக் கொடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இரவு மூடிவைத்த தண்ணீரே மலைநாட்டில் போதிய குளிர்ச்சி. கடிக்கும் வளையம் வாங்கினால் உள்ளே நீர் நிரப்பாத, ஒரே துண்டான இரப்பர் வளையம் நல்லது. பனிக்கட்டியாக உறையவைத்தால் ஈற்றைப் புண்ணாக்கும். வடியும் எச்சிலை அடிக்கடி ஒற்றி எடுங்கள். கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள், தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கரட் துண்டு, முறுக்கு, கட்டி ரஸ்க் எதுவும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். தேனில் தோய்த்த சூப்பி வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் நரம்பை முடக்கும் நச்சுநோய்க்கு வழிவிடும். பிராந்தியும் வசம்பும் அப்படியே விலக்கவேண்டியவை.

மிகவும் வேதனைப்படுகிற இரவில் பரசிற்றமோல் பாணி கொடுக்கலாம். வயதைப் பார்த்து அல்ல, நிறையைப் பார்த்து வைத்தியர் சொன்ன அளவில். ஐந்து மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள போத்தலும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. போத்தல் மாறினால் மருந்து இரு மடங்காகிவிடும். வீட்டுக் கரண்டி வேண்டாம், போத்தலோடு வரும் அளவுக் கிண்ணமே வேண்டும். அஸ்பிரின் கூடாது. குழந்தை பால் குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், துவண்டால், உதடு நீலமானால் 1990 இலக்கத்தை அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஊர் திரும்பியதும் என் பழைய பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். இத்தனை ஆண்டுக்குப் பின் எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போலும், வரவில்லை. ஆகவே நாங்கள் வழக்கமாகப் போடும் வடிவத்திலேயே இங்கே போடுகிறேன்.

திருத்தம்: பல் முளைக்கும் குழந்தையின் ஈற்றில் கராம்பு எண்ணெய் தடவலாம் என்று மங்கையர் பகுதியில் வெளியான குறிப்பு பிழையானது. தடவக்கூடாது. தவறுக்கு அப்பக்கத்தின் ஆசிரியர் வருந்துகிறார்.